பதினெட்டாவது யோசனை

போடிமெட்டிலிருந்து முந்தல் வரை இறங்குகிற மலைரோட்டில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். கல்லூரியில் சேரப்போகிற பிள்ளை யாராவது அழகுராஜாவின் ஜீப்பில் ஏறிவிட்டால், வளைவுக்கு ஒன்று என்று பதினேழு யோசனைகளையும் கேட்டு முடித்துத்தான் கீழே இறங்க முடியும். காதைப் பொத்திக்கொண்டாலும் தப்ப முடியாது. ஹாரனை ஒரு அழுத்து அழுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்பான்.

காலை ஐந்தரைக்குப் போடியில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு மேலே போவான். ஏழு மணிக்கெல்லாம் எஸ்டேட்டில் இறக்கிவிடுவான். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கூட்டிவர வேண்டும். இடையில் வண்டி சும்மா கீழே வரும். ஜூன், ஜூலை மாதங்களில் அந்தச் சும்மா வண்டிக்குத்தான் கிராக்கி. எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து பெட்டியும் வாளியுமாகப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள்.

முதல் வளைவில் வாளியைப் பற்றிய யோசனை. "ஹாஸ்டல் வாளியில பேரை பெயின்ட்ல எழுது. மூடியில எழுதாத. மூடி தனியா ஊர் சுத்தப் போயிரும்." மூன்றாவது வளைவில் பெஞ்சு. "மொத பெஞ்சும் வேணாம், கடைசி பெஞ்சும் வேணாம். ரெண்டாவது பெஞ்சு, சன்னல் ஓரம். காத்துக்குக் காத்து, வாத்தியாரு பார்வையும் நம்ம தலைக்கு மேல போயிரும்." ஒன்பதாவது கொஞ்சம் கூர்மையான வளைவு, யோசனையும் அப்படித்தான். "இங்கிலீசு புரியலைன்னா தலையை ஆட்டித் தொலையாத. நீ ஆட்டுனா புரிஞ்சுபோச்சுன்னு அவுக அடுத்த பாடத்துக்குப் போயிருவாக." பதினேழாவது வளைவு வரும்போது மட்டும் வண்டியின் வேகத்தைக் குறைத்துச் சொல்வான். "வீட்டுக்கு போன் பண்ணி நல்லாருக்கேன்னு சொல்லாத. ஆத்தா நம்பாது. இன்னைக்கு என்ன சாப்பிட்டேன்னு சொல்லு. அது போதும் அவுகளுக்கு."

"பதினெட்டாவது என்னண்ணே?" என்று எந்தப் பிள்ளையும் கேட்காமல் இருக்காது.

"அதுக்கு மேல ரோடு நேராப் போகுது. நேர் ரோட்டுக்கு எதுக்குத்தா யோசனை?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான்.

விஷயம் என்னவென்றால், அழகுராஜா கல்லூரியில் படித்ததே பதினேழு நாள்தான். நாளுக்கு ஒரு யோசனை என்று தேறியது, வளைவுக்கும் கணக்காகப் பொருந்திவிட்டது. இது அவன் அப்பாவைத் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பெண் பார்க்கப் போனபோது ஜோதியின் அப்பாவிடம், "ஒரு வருசம் படிச்சேன் மாமா, வீட்டு நெலம சரியில்ல, நிறுத்திட்டேன்" என்று சொன்னான். பத்து வருடமாக அதையே சொல்லிச் சொல்லி, படிக்காத மீதி நாட்களையும் மனசுக்குள்ளேயே படித்து முடித்திருந்தான்.

அது பதினைந்து வருடத்துக்கு முந்திய கதை. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி, பி.எஸ்சி. கணிதம். அவன் குடும்பத்தில் அதுவரை யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. மூன்றாவது வாரம் ஒரு பரீட்சை வைத்தார்கள். பிளஸ் டூ வரை தமிழில் படித்தவனுக்குக் கேள்வித்தாளில் புரிந்தது எண்கள் மட்டும்தான். ஐம்பதுக்கு ஆறு. பதினேழாம் நாள் மத்தியானம் போர்டில் ஒரு பட்டியல் ஒட்டினார்கள். முப்பத்தெட்டுப் பேர். கடைசிக்கு முன்னால் அவன் பெயர். கீழே ஒரு வரி: மாலை நான்கு மணிக்குத் துறைத்தலைவரைப் பார்க்கவும்.

வேறு யாராவது என்றால் போய்ப் பார்த்திருப்பார்கள். அழகுராஜா ஏலக்காய் ஸ்டோரில் வளர்ந்தவன். அவன் அப்பா உக்கிரபாண்டி எஸ்டேட் ஸ்டோரில் காய் உலர்த்திச் சலிக்கிறவர். உலர்ந்த காயைச் சல்லடையில் கொட்டி ஆட்டினால் பெரிய காய் மேலே நிற்கும், சின்னது கீழே கொட்டும். கீழே கொட்டியதை அப்பா தனிச் சாக்கில் அள்ளி வாயைத் தைத்துவிடுவார். அந்தச் சாக்கு அப்புறம் எங்கே போகிறது என்று அவன் பார்த்ததில்லை. ஒரு தடவை கூட அதைப் பிரித்து மேலே அள்ளிப் போட்டதை அவன் கண்டதில்லை. பட்டியலைப் பார்த்ததும் அவனுக்கு அந்தச் சாக்குதான் ஞாபகம் வந்தது. சலித்தாகிவிட்டது, நாம் கீழே கொட்டியாகிவிட்டது, நாலு மணிக்கு வாயைத் தைப்பார்கள் என்று முடிவு கட்டிவிட்டான். நாலு மணிக்கு அவன் தேனி பஸ்சில் உட்கார்ந்திருந்தான். பெயர் எழுதிய வாளி ஹாஸ்டலிலேயே கிடந்தது.

அப்பா ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் ஜீப்பு ஓட்டப் பழகிக்கொள்ளச் சொன்னார்.

இத்தனை வருடமாக மூடியிருந்த கதையைப் போன வருடம் ஆயுத பூஜை விடுமுறையில் கார்முகில் வந்து திறந்துவிட்டாள். தோண்டிமலைப் பக்கத்து எஸ்டேட் பெண். மதுரையில் முதலாண்டு சேர்ந்திருந்தாள். ஜூனில் இதே ஜீப்பில் பதினேழையும் கேட்டுக்கொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு போனவள். இப்போது லீவு முடிந்து திரும்பும்போது முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஓயாமல் பேசினாள்.

"மூணாவது வாரமே டெஸ்டு வச்சாங்கண்ணே. அம்பதுக்குப் பதினொண்ணு! போர்டுல பேரையே ஒட்டிட்டாங்க."

அழகுராஜா ரோட்டிலிருந்து கண்ணை எடுத்து அவளைத் திரும்பிப் பார்த்தான். "அப்புறம்? எப்ப அனுப்புனாக?"

"எங்கண்ணே அனுப்புனாங்க?"

"வீட்டுக்குத்தான்."

கார்முகில் சிரித்த சிரிப்பில் பின்னால் வந்த லோடு லாரிக்காரனே எட்டிப் பார்த்தான். "வீட்டுக்கு எதுக்குண்ணே அனுப்பணும்? மேடம் கூப்பிட்டு உக்கார வச்சு, இங்கிலீசுல படிக்கக் கஷ்டப்படுறவங்களுக்கெல்லாம் சாயங்காலம் தனி வகுப்புன்னு சொன்னாங்க. வகுப்புல பாதிப் பேரு அதுலதான் இருந்தாங்க. ஆளுக்கொரு பருப்பு வடை வாங்கிக் குடுத்தாங்க. என் ஃபிரண்டுங்க அத்தன பேரும் அந்தப் பட்டியல்ல கெடச்சவங்கதான். அடிபொளி!"

ஒன்பதாவது வளைவில் ஜீப்பு நின்றுவிட்டது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது. அழகுராஜாவுக்கு அது காதிலேயே விழவில்லை. பதினைந்து வருடமாக ஒரு பருப்பு வடைக்குப் பயந்து ஓடியிருக்கிறோம் என்று நினைத்தான். வெட்கமாக இருந்தது. கோபமாக இருந்தது. அதற்கு அடியில், என்னவென்று சொல்லத் தெரியாமல், சந்தோஷமாகவும் இருந்தது.

அவளை மதுரை பஸ்சில் ஏற்றிவிட்ட கையோடு நேரே ஏலக்காய்க் கிட்டங்கிக்குப் போனான். ஜோதி அங்கேதான் காய் தரம் பிரிக்கிறாள். வாசலுக்குக் கூப்பிட்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினான்.

"எங்கப்பாகிட்ட ஒரு வருசம்னு சொன்னீகளே மாமா!" ஜோதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பதினேழு நாளா? பொய்யி சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாம்?"

"பட்டியல்ல பேரு வந்ததும் பயந்துட்டேன் ஜோதி. சலிச்சுக் கீழ விழுந்தாச்சு, இனி எங்கிட்டு மேல போகன்னு..."

அவ்வளவுதான். ஜோதியின் கோபம் அப்படியே திசை மாறிவிட்டது. கல்யாணப் பொய்யைக்கூட மன்னித்துவிடுவாள் போல. தொழிலைத் தப்பாகச் சொன்னதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. "எந்தக் கிறுக்கன் சொன்னான் ஒரு தடவ சலிச்சா தீந்துச்சுன்னு? இங்கிட்டு வாங்க!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். மூலையில் குவிந்து கிடந்த சின்னக் காயில் ரெண்டு கை அள்ளிச் சல்லடையில் போட்டு ஆட்டினாள். சலசலவென்று கீழே கொட்டியது. ஆனால் ஏழெட்டுக் காய் மேலேயே நின்றன. நல்ல பருமன், பச்சைப் பசேலென்று இருந்தன.

"பாத்தீகளா? இது எட்டு எம்.எம். காயி. நெட்டுக்குத்தா நின்னா மொதத் தடவ நழுவி விழுந்துரும். காயி மேல குத்தமில்ல, நின்ன நெலைதான் அப்படி. இதுக்காகத்தான் இங்க ரெண்டாஞ் சலிப்பு போடுறோம். உங்கப்பாரு வாயைத் தச்சு அனுப்புன சாக்கெல்லாம் எங்க வந்துச்சுன்னு நெனச்சீக? இங்கதான் வந்துச்சு!"

அழகுராஜா அந்த ஏழெட்டுக் காயையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். யார் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் தோன்றவில்லை. கண் கலங்கிவிட்டது.

"வர்ற ஜூன்ல காலேஜ் பாரம் வாங்குறோம்" என்று சொல்லிவிட்டு ஜோதி வேலைக்குத் திரும்பிவிட்டாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை, உத்தரவுதான்.

தேனி போகிற ரோட்டில் ஒரு கல்லூரியில் பி.ஏ. பொருளியலில் இடம் கிடைத்தது. காலை ஒன்பதரை முதல் மத்தியானம் ஒன்றரை வரை வகுப்பு. மேலே போய் இறக்கிவிட்டு வந்து வகுப்பு, வகுப்பு முடிந்து மேலே போய்க் கூட்டிவரலாம். ஒரு நிமிஷம் இடிக்கவில்லை. முப்பத்து மூன்று வயதில் அவனுக்கு முதலாண்டு.

சேதி தெரிந்த அன்றைக்கு ஜீப்பில் ஒரே ரகளை. "இத்தன வருசமா எங்க காதுல ரத்தம் வர வச்சியே அப்பு, இப்ப எங்க மொற" என்று ஈஸ்வரி ஆரம்பித்தாள். காய் எடுப்பதில் அந்த வண்டியிலேயே அவளை அடிக்க ஆளில்லை, பேச்சிலும் அப்படித்தான். பன்னிரண்டு பெண்களும் வளைவுக்கு வளைவு அவனுடைய யோசனைகளை அவன் குரலிலேயே அவனுக்குத் திருப்பிச் சொன்னார்கள். சாயங்கால வண்டியில் பிள்ளைகள் ஏறியபோதெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடம், ஒன்று பிசகவில்லை. ரெண்டாவது பெஞ்சு என்று ஒருத்தி சொன்னால், சன்னல் ஓரம் என்று எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். மெட்டு வந்து சேர்வதற்குள் அழகுராஜாவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு பள்ளிக்கூடம் போன முதல் நாள் கூட இவ்வளவு குதூகலமாக இருந்ததாக அவனுக்கு ஞாபகமில்லை.

வகுப்பும் பிடித்துப்போனது. கூடப் படிக்கிற பையன்கள் ரெண்டு நாள் 'சார்' என்றார்கள், மூன்றாம் நாள் 'அண்ணே' ஆனான், நாலாம் நாள் போடிவரைக்கும் ஜீப்பில் இடம் கேட்டார்கள். ரெண்டாவது பெஞ்சில் சன்னல் ஓரத்தை அவனுக்கென்று விட்டுவைத்தார்கள். விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று மேடம் பாடம் நடத்தியபோது, ஏலக்காய் ஏலத்தை வைத்து அவன் கேட்ட கேள்வியில் வகுப்பே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு ஜோதியிடம் அதை நாலு தடவை சொன்னான். நாலு தடவையும் அவள் புதிதாகக் கேட்பது போலக் கேட்டாள்.

பதினேழாம் நாள் போர்டில் பட்டியல் ஒட்டினார்கள்.

முதல் பரீட்சை, ஐம்பதுக்கு ஒன்பது. உ. அழகுராஜா என்று கொட்டை எழுத்தில் பெயர் இருந்தது. நாளை காலை பத்து மணிக்குத் துறை அறைக்கு வரவும்.

அது என்ன பட்டியல், அந்த அறையில் என்ன நடக்கும் என்று அவனுக்கு இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கால் கேட்கவில்லை. போர்டுக்கு முன்னால் நின்றவன் நேரே ஜீப்புக்குப் போய்விட்டான். கார்முகிலுக்குப் பதினெட்டு வயது, அவளுக்கு வடை வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்கள். முப்பத்து மூன்று வயசுக்காரனை யார் உட்கார வைப்பார்கள்? 'ஜீப்பு ஓட்டுற சோலியைப் பாக்க வேண்டியதுதான' என்று கேட்டுவிட்டால்? இப்படியே நினைத்து நினைத்து மலை ஏறினான். சாயங்காலம் ஜோதி, "டெஸ்டு மார்க்கு போட்டாச்சா?" என்று கேட்டதற்கு, "இன்னும் போடல" என்றான். மறுபடியும் ஒரு பொய். சொன்னதுமே வாய் கசந்தது.

மறுநாள் பெண்களை எஸ்டேட்டில் இறக்கிவிட்டு, ஜீப்பை ஓரம் கட்டினான். கீழே போகப்போவதில்லை என்று முடிவு பண்ணியிருந்தான். மற்ற டிரைவர்கள் சாயங்காலம் வரை அங்கேயே படுத்துக் கிடப்பார்கள், தானும் கிடந்தால் ஆயிற்று. சீட்டில் காலை நீட்டினான். பனி இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே! நல்லவேள, கெளம்பிருப்பீகளோன்னு பயந்துட்டேன்!"

கார்முகில்தான். பக்கத்தில் ஒரு சின்னப் பெண், கையில் பெட்டியும் புது வாளியும். "எங்க சித்தி மக சுசித்ரா. எங்க காலேஜ்லயே சேந்துருக்கா. நாளைக்குத் தொறக்குறாங்க. ராத்திரி பூரா அழுதுட்டு இருந்தாண்ணே. பதினேழு யோசனை இருக்கு, கேட்டா சரியாயிரும்னு சொல்லித்தான் கூட்டியாந்துருக்கேன். வெரசாப் போவோம்."

இல்லை என்று எப்படிச் சொல்வான்? சாவியைத் திருகினான்.

முதல் வளைவில் குரல் ஒட்டவில்லை. வாளி, மூடி என்று ஏதோ ஒப்பித்தான். மூன்றாவது வளைவில் அந்தப் பெண், "சன்னல் ஓரம் வேற யாராச்சும் உக்காந்துட்டா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஒன்பதாவது வளைவில் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். அவனுக்கும் தொண்டை திறந்துகொண்டது. பதினேழாவது வளைவில் வேகத்தைக் குறைத்து, என்ன சாப்பிட்டாய் என்பதைச் சொல்லச் சொன்னான். வண்டி முந்தலைத் தொட்டது. ரோடு நேரானது.

"பதினெட்டாவது என்னண்ணே?" என்றாள் சுசித்ரா.

எத்தனையோ பிள்ளைகள் கேட்ட கேள்விதான். பதிலும் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவளைத் திரும்பிப் பார்த்தான். மடியில் வாளியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். இவளுடைய பெயரும் மூன்றாவது வாரம் ஏதாவது ஒரு போர்டில் வரலாம் என்று தோன்றியது. ஜீப்பை ஓரமாக நிறுத்தினான்.

"பதினெட்டாவது ஒண்ணு இருக்கு. இதுவரைக்கும் யாருக்கும் சொன்னதில்ல, எனக்கே தெரியாது. நான் காலேஜ்ல மொத்தமே பதினேழு நாள்தான் படிச்சேன் பாப்பா. பட்டியல்ல பேரு வந்துச்சு, ஓடிவந்துட்டேன். நீ ஓடாத. எந்த ரூமுக்கு வரச் சொல்றாகளோ அந்த ரூமுக்குப் போ. கால் பின்னுச்சுன்னாலும் போ. அங்க என்ன வேணா சொல்லட்டும், அத அவுக வாயால சொல்லட்டும். நீயா முடிவு கட்டாத."

சுசித்ரா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "இப்பத் திரும்பப் படிக்கிறீகன்னு அக்கா சொன்னாளே. இன்னைக்கு எத்தனாவது நாளுண்ணே?"

"பதினெட்டு" என்றான். பிறகு இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லாமல் சேர்த்துச் சொன்னான். "பட்டியல்ல என் பேரும் இருக்கு. பத்து மணிக்கு வரச் சொல்லிருக்காக."

"மணி ஒம்பதே காலு!" கார்முகில் போட்ட சத்தத்தில் ரோட்டோரம் நின்ற ஆடு மிரண்டு ஓடியது. "எடுங்கண்ணே வண்டிய! பஸ் ஸ்டாண்டுல எங்கள எறக்க வேணாம். ஒங்க காலேஜ் வாசல்லயே எறங்கி நாங்க மதுரை பஸ் ஏறிக்கிறோம். எடுங்க, எடுங்க!"

போடிக்குள் மார்க்கெட் பக்கம் சாக்கு இறக்கிக்கொண்டு ஒரு லாரி ரோட்டை அடைத்து நின்றது. ரெண்டு பெண்களும் ஜீப்பிலிருந்து தலையை நீட்டி, "அண்ணே வழி விடுங்க, பரீட்சைக்கு நேரமாச்சு!" என்று கத்தினார்கள். யாருக்குப் பரீட்சை என்று தெரியாமலே நாலு சுமைக்காரர்கள் ஓடிவந்து வழி பண்ணிக் கொடுத்தார்கள். கல்லூரி வாசலில் நிறுத்தியபோது பத்தாக மூன்று நிமிஷம். இத்தனை வருடத்தில் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பி வைத்தது அவன். இன்றைக்கு அவனை உள்ளே அனுப்பிவிட்டு, பெட்டியும் வாளியுமாக அந்த ரெண்டு பேரும் கேட்டில் நின்று கையாட்டினார்கள்.

துறை அறையில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடம் நிமிர்ந்து பார்த்தார். "வாங்க அழகுராஜா. ஒம்பது மார்க். பாடம் புரியலையா, இங்கிலீஷ் புரியலையா?"

தலை தானாக ஆடப் பார்த்தது. அடக்கிக்கொண்டான். "பாடம் புரியுது மேடம். இங்கிலீசுதான் புரியல."

"நான் நெனச்சேன். ஏலத்தைப் பத்திக் கேள்வி கேட்ட ஆளு ஒம்பது வாங்க மாட்டாரே. தினமும் வகுப்பு முடிஞ்சு ஒண்ணரைக்கு மேல அரை மணி நேரம் இங்க வாங்க. சரி, நகந்து எடம் குடுங்கப்பா." ஒரு பையன் நகர்ந்தான். அழகுராஜா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

இடைவேளையில் ஜோதிக்குப் போன் போட்டான். கிட்டங்கியில் சல்லடை ஆட்டுகிற சத்தம் கேட்டது.

"நேத்து பொய் சொல்லிட்டேன் ஜோதி. மார்க்கு போட்டுட்டாக. அம்பதுக்கு ஒம்பது. பட்டியல்ல பேரு இருந்துச்சு."

அந்தப் பக்கம் சல்லடைச் சத்தம் நின்றது. "இப்ப எங்க இருக்கீக மாமா? பஸ்சுலயா?"

"காலேஜ்ல."

பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "என்ன சாப்பிட்டீக?"

"சுண்டல் குடுத்தாக" என்றான் அழகுராஜா. "வடை இல்ல."